மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு நிகழ்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பேச அழைத்தபோது நீரிழிவு, மார்புப் புற்றுநோய், மாதவிடாய் நிற்கும் காலத்துச் சிக்கல்கள் என்று மூன்று தலைப்புகள் தந்தார்கள். மூன்றும் இங்கே இருக்கும் எங்கள் எல்லோருக்கும் தேவையானவைதான். ஆனால் சங்கம் தன் நூற்றாண்டுத் திட்டமாகப் பளைப் பகுதி முன்பள்ளிகளுக்கு ஊஞ்சலும் சறுக்கும் வாங்கிக் கொடுக்கப்போகிறது என்று கேள்விப்பட்டோம். பளைப் பக்கத்துக் குழந்தைகளைச் சில ஆண்டுகளாகப் பார்த்து வருகிறவர்கள் என்ற முறையில் அதைப்பற்றியே பேச அனுமதி கேட்டோம். செயலாளர் அக்கா, "பேசுங்கோ, ஆனால் திட்டத்தைக் குழப்பிப் போடாதையுங்கோ" என்றார். கொஞ்சம் குழப்பத்தான் போகிறோம். அக்கா மன்னிக்கவேண்டும்.

நாங்கள் என்று சொல்லும்போது கிளினிக்கில் கூட வேலை செய்யும் தாதியரையும் குடும்பநல உத்தியோகத்தர்களையும் சேர்த்தே சொல்கிறோம். இதில் இருக்கும் நல்ல விடயங்கள் பெரும்பாலும் அவர்களுடையவை.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்காக ஊரைப்பற்றி ஒரு சொல். பளை என்றதும் சிலருக்குத் தேங்காய் நினைவுக்கு வரும். சிலருக்கு 2014 மார்ச்சில் யாழ்தேவி பளை மட்டும் வந்து நின்றது நினைவுக்கு வரும். ஏ9 வீதியால் போகிறவர்கள் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டு போவார்கள். பச்சிலைப்பள்ளிப் பிரதேச செயலகப் பிரிவு அது. நிர்வாகத்தில் கிளிநொச்சி மாவட்டம், நிலத்தில் குடாநாட்டின் கழுத்து. ஒரு பக்கம் ஆனையிறவு, மறுபக்கம் முகமாலை. இந்த இரண்டு பெயரையும் சொன்னால் இங்கே இருப்பவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. யுத்தம் முடிந்து பல ஆண்டுகள் சென்ற பின்னும் முகமாலை மண்ணில் கண்ணிவெடி எடுத்துக்கொண்டே இருந்தார்கள். தாய்மார் தென்னந்தோட்டத்துக்குப் போவார்கள், ஆடைத் தொழிற்சாலைக்குப் போவார்கள், கண்ணிவெடி அகற்றும் வேலைக்கும் போவார்கள். விடியப் போய்ப் பொழுதுபட வருவார்கள். முன்பள்ளி எட்டரைக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்கு முடிந்துவிடும். மிச்ச நேரத்துக்கு அம்மம்மா. அம்மம்மா இல்லாத வீட்டில் மூத்த பிள்ளை.

ஒரு பையனைப்பற்றிச் சொல்லவேண்டும். ஊரும் பேரும் வேண்டாம். முதலாம் தரத்துக்குப் போய் இரண்டாவது மாதம், "பிள்ளை சொல்வழி கேட்பதில்லை" என்று வகுப்பாசிரியர் எழுதிக் கொடுத்த துண்டோடு தாய் கூட்டிவந்தார். "சரியான குழப்படி டொக்டர், கூப்பிட்டாலும் திரும்பமாட்டான்" என்றார். அவன் எங்கள் மேசையில் கிடந்த நாடாவை விரித்துச் சுருட்டி விளையாடிக்கொண்டிருந்தான். எங்கள் தாதி ஒருவர் அவனுக்குப் பின்னால் போய்த் திறப்புக்கோர்வையை நிலத்தில் போட்டார். கதவடியில் நின்ற ஓட்டோக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். பையன் திரும்பவில்லை. கேட்டல் பரிசோதனைக்கு யாழ்ப்பாணம் அனுப்பினோம். இரண்டு காதிலும் குறைவு, அதுவும் சிறிய குறைவல்ல.

ஐந்து வயது கடந்துவிட்டது. ஒரு வயதில் முதல் சொல், இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்து ஒரு கதை, மூன்று வயதில் அயலவருக்கும் விளங்கும் பேச்சு என்று ஒரு பிள்ளை ஏறிவரும் படிகளில் அவன் கீழேயே நின்றிருக்கிறான். மொழிக்கென்று மூளை திறந்து வைத்திருக்கும் காலத்தில் பெரும்பகுதி கழிந்துவிட்டது. காதுக்கு இப்போது கருவி போடலாம், கழிந்த காலத்தைத் திருப்பி எடுக்க முடியாது.

அவன் இரண்டு வருடம் போய்வந்த முன்பள்ளி ரீச்சரைக் காணப் போனோம். தெரியாமல் இருந்திருக்கும் என்ற எண்ணத்தோடுதான் போனோம். "தெரியும் டொக்டர். வந்த முதல் கிழமையே தெரியும்" என்றார். அவனை எப்போதும் முன்னால்தான் இருத்துவாராம். எதைச் சொல்வதென்றாலும் தோளைத் தொட்டுத் தன் முகத்தைப் பார்க்கவைத்துச் சொல்வாராம். பாட்டுப் பாடும்போது அவன் மற்றப் பிள்ளைகளின் கையைப் பார்த்து, ஒரு கணம் பிந்திக் கை தட்டுவானாம். "பாட்டு அவனுக்குக் கேக்கிறேல்லை, கை தட்டுறதைப் பாத்துத்தான் தட்டுறான்" என்று சொன்னார். காது, மூக்கு, தொண்டை படித்த எவரும் இதைவிடத் தெளிவாக எழுதியிருக்க முடியாது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "சொன்னால் தாய் கோவிப்பா. பிள்ளையை நிப்பாட்டிப் போடுவா. ஒரு பிள்ளை குறைஞ்சால் எனக்கு வாற காசும் குறையும். கன பிள்ளையள் குறைஞ்சால் முன்பள்ளியை மூடச் சொல்லுவினம். அதோடை, நான் ஆர் டொக்டர் இதைச் சொல்லுறதுக்கு?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு எங்களிடம் விடை இருக்கவில்லை. சொல்வதற்கு அவர் யார் என்று அரசாங்கம் இதுவரை எழுத்தில் எங்கேயும் தீர்மானிக்கவில்லை.

எங்கள் துறையின் ஒழுங்கைச் சொன்னால் இது விளங்கும். இலங்கையில் குழந்தை பிறந்ததும் ஒரு பதிவேடு கொடுப்போம். நீங்கள் கிளினிக் கொப்பி என்பீர்கள். குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருவார். முதல் இரண்டு வருடம் மாதம் தவறாமல் நிறை பார்ப்போம். உலகத்தில் எந்த நாட்டுக்கும் சொல்லிப் பெருமைப்படக்கூடிய ஒழுங்கு இது, யுத்த காலத்திலும் அறாமல் வந்தது. பதினெட்டு மாதத்தில் ஒரு ஊசி, மூன்று வயதில் ஒரு ஊசி, ஐந்து வயதில் ஒன்று. பிறகு முதலாம் தரத்தில் பாடசாலை மருத்துவப் பரிசோதனை. மூன்று வயது ஊசி போட்ட பிறகு முதலாம் தரம் வரையில், காய்ச்சல் வராத, நிறை குறையாத ஒரு பிள்ளையை நாங்கள் ஆறுதலாகப் பார்ப்பது அரிது. அந்த இரண்டு வருடமும் பிள்ளை இருக்கும் இடம் முன்பள்ளி. வருடத்துக்கு 200 நாள், நாளுக்கு மூன்று மணித்தியாலம் என்று வைத்தாலும் இரண்டு வருடத்தில் 1,200 மணித்தியாலம். எங்கள் கிளினிக்கில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது பத்து நிமிடம்.

பிள்ளையை உண்மையாகக் காண்பவர் ரீச்சர். கண்டதைச் சொல்ல அவருக்குப் படிவமும் இல்லை, பதவியும் இல்லை. சொன்னதால் நட்டம் வந்தால் தாங்கிக்கொள்ளச் சம்பளமும் இல்லை.

எங்கள் பிழையையும் சொல்லத்தான் வேண்டும். வேறொரு இடத்தில், சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ரீச்சர் துணிந்து எழுதியே அனுப்பினார். கொப்பியில் கிழித்த தாள். பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு சேருவதில்லை, முகத்தைப் பார்ப்பதில்லை, மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருக்கிறான், அடுக்கைக் கலைத்தால் தலையை நிலத்தில் அடிக்கிறான் என்று நான்கு வரி. அந்தத் தாளை வாசித்து, இப்போது முன்பள்ளி ரீச்சர்மாரும் நோய் கண்டுபிடிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று சிரித்தவர்கள் எங்களில் இருந்தோம். பிள்ளை வளர்ந்தால் சரியாகும் என்று தாயை அனுப்பிவிட்டோம். ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து, வேறு வழியாக, அந்தப் பிள்ளை ஓட்டிசம் என்ற முடிவோடு வந்தது. அந்த ஒரு வருடம் எங்கள் கணக்கில் எழுதப்படவேண்டியது.

இங்கே ஒரு பழங்கதை. நம் அம்மம்மாமார் முன்பள்ளியை இன்றும் "மொன்ரிசூரி" என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயருக்குரிய மரியா மொன்ரிசூரி ஒரு மருத்துவர். இத்தாலியில் மருத்துவம் படித்துத் தேறிய முதல் சில பெண்களில் ஒருவர். உரோமில் அவர் முதலில் வேலை செய்தது, படிக்கவே மாட்டார்கள் என்று ஒதுக்கிவைக்கப்பட்ட பிள்ளைகளோடு. அவர்களுக்காகத் தொட்டும் தடவியும் அடுக்கியும் கற்கும் பொருட்களைச் செய்து பார்த்தார். அதன் பிறகுதான் 1907இல் மற்றப் பிள்ளைகளுக்கான இல்லத்தைத் திறந்தார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் இந்தியாவில் இருந்தபோது, 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். ஆகவே விசேட தேவையுடைய பிள்ளைக்கென்று உருவான முறையைத்தான் நாம் எல்லாப் பிள்ளைகளுக்கும் வைத்திருக்கிறோம். இன்று அந்தப் பிள்ளைக்கே "இடமில்லை" என்று சொல்கிறோம்.

இடமில்லை என்று சொல்கிற ரீச்சரை நாங்கள் குறை சொல்லமாட்டோம். இருபத்தைந்து பிள்ளைகள், ஒரு ரீச்சர், மலசலகூடம் முற்றத்தின் அந்தக் கரையில். இருபத்தாறாவது பிள்ளை நடக்கமுடியாத பிள்ளை என்றால் அவர் யாரை விட்டுவிட்டு யாரைத் தூக்குவது?

ஆனாலும் ஏற்றுக்கொண்ட ஒருவரை எங்களுக்குத் தெரியும். மூளை முடக்குவாதம் உள்ள நான்கு வயதுப் பெண்பிள்ளை. கால் இரண்டும் இறுகி இருக்கும், தலையை நிமிர்த்திப் பிடிக்கக் களைத்துப்போகும். புத்தி தெளிவு. மூன்று முன்பள்ளிகளில் மறுத்துவிட்டார்கள். நான்காவது ரீச்சர், "அம்மம்மாவும் வந்து இருப்பா எண்டால் விடுங்கோ" என்றாராம். அம்மம்மா வந்து இருந்தார். ரீச்சர் பிள்ளையைப் பாயில் படுத்தியிருக்க விடவில்லை. படுத்திருக்கும் பிள்ளைக்கு மற்றவர்களின் கால்தான் தெரியும் என்றார். பிள்ளையின் பெரியப்பா தச்சுவேலை செய்பவர். ஒரு சின்னக் கதிரைக்குக் கையும், நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பட்டியும், பாதத்துக்கு ஒரு பலகையும் வைத்துச் செய்து கொடுத்தார். எங்கள் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் பிறகு பார்த்து, பலகையை இரண்டு அங்குலம் உயர்த்தச் சொன்னதைத் தவிர வேறு ஒரு குற்றமும் சொல்லவில்லை. முதல் மாதம் பிள்ளைகள் கதிரையைச் சுற்றி நின்று பார்த்தார்கள். இரண்டாம் மாதம் அந்தக் கதிரையில் இருக்கத் தங்களுக்கும் வேண்டும் என்று சண்டை பிடித்தார்கள். அம்மம்மா சும்மா இருக்க முடியாதவர். பாசிப்பயறு அவிப்பது, மூக்குத் துடைப்பது, அழுகிற பிள்ளையைத் தூக்குவது என்று முழு முன்பள்ளிக்கும் இரண்டாவது ஆளானார். அந்த வருடம் அங்கே படித்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அது நல்ல வருடம். இதைச் செய்து தந்தது சம்பளம் இல்லாத ஒரு கிழவியும் சம்பளம் என்று சொல்லமுடியாத ஒன்றை வாங்கும் ரீச்சரும். அடுத்த வருடம் அம்மம்மாவுக்கு முழங்கால் நோ வந்து நின்றுவிட்டார். பிள்ளையும் நின்றுவிட்டது.

இனிக் காசுக்கும் கொள்கைக்கும் வருவோம்.

கொள்கைக்குக் குறைவில்லை. சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான சமவாயத்தை 2016இல் ஏற்றது. முன்பிள்ளைப்பருவ அபிவிருத்திக்கான தேசியக் கொள்கை 2004இல் வந்தது, 2018இல் புதுப்பிக்கப்பட்டது. விசேட தேவையுடைய பிள்ளையை மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்பதில் இன்று எந்த அமைச்சுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் 13ஆவது திருத்தத்தோடு முன்பள்ளி மாகாணத்துக்குரியதாகிவிட்டது. கொள்கை கொழும்பில், பொறுப்பு மாகாணத்தில், கட்டடம் சனசமூக நிலையத்திலோ கோயிலிலோ தேவாலயத்திலோ. ஆசிரியர் யாருடைய ஆள் என்று கேட்டால் ஒவ்வொருவரும் மற்றவரைக் காட்டுவார்கள்.

பளையில் சில இடங்களில் பாடசாலைக்கும் முன்பள்ளிக்கும் இடையில் ஒரு வேலிதான். வேலிக்கு இந்தப் பக்கம் ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கற்பிப்பவர் அரச ஆசிரியர். சம்பளம், லீவு, ஓய்வூதியம் எல்லாம் உண்டு. அந்தப் பக்கம் நான்கு வயதுப் பிள்ளைக்குக் கற்பிப்பவருக்குக் கிடைப்பதன் பெயர் கொடுப்பனவு. மத்திய அரசு மாதம் 2,500 ரூபாய் கொடுத்து வந்தது. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அதை 1,000 ரூபாயால் கூட்டினார்கள். அதே திட்டத்தில் முன்பள்ளிப் பிள்ளையின் காலை உணவுக்கு ஒதுக்குவதை 60 ரூபாயிலிருந்து 100 ஆக்கினார்கள். அது நல்ல வேலை, கிளினிக்கில் நிறை பார்க்கிறவர்கள் என்ற வகையில் மனதார வரவேற்கிறோம். ஆனால் அதே 2025 ஏப்ரலில் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாயாக்கப்பட்டது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாகாணம் தருவதையும் பெற்றோர் தருவதையும் கூட்டினாலும் எங்களுக்குத் தெரிந்த எந்த ரீச்சரும் அந்த எல்லைக்குக் கிட்டவும் போவதில்லை. பெற்றோர் தருவது மழைக்காலத்தில் வராது. கூலி வேலை இல்லாத மாதத்தில் யார் யாரிடம் கேட்பது? சேமலாப நிதி என்ற சொல் அவர்களின் வாழ்க்கையில் இல்லை.

ஆறு வருடம் படிப்பித்த ஒரு ரீச்சர் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போனார். கெட்டிக்காரி, பிள்ளைகள் அவருக்குப் பின்னால் வால் பிடித்துக்கொண்டு திரிவார்கள். கிளினிக்குக்கு வந்தபோது, பயமில்லையா என்று கேட்டோம். "அங்கை மாசம் முடியச் சம்பளம் வரும் டொக்டர்" என்றார். நாலு வயதுப் பிள்ளைக்கு முன்னால் நிற்பதைவிட வெடி புதைந்த நிலத்தில் முழங்காலில் இருப்பது ஒரு குடும்பத்துக்குப் பாதுகாப்பானதாகிவிட்ட கணக்கு இது.

காசில்லை என்பது முழு உண்மையல்ல என்பதை வன்னி மக்கள் வேறொரு வழியாகவும் அறிவார்கள். யுத்தத்துக்குப் பின் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பல முன்பள்ளி ஆசிரியர்களைச் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் சேர்த்துக்கொண்டது. அது பாதுகாப்பு அமைச்சின் கீழ் வருவது. மாகாணத்தின் கீழ் இருந்த ரீச்சர்மார் சில ஆயிரங்களை வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், அங்கே முப்பதாயிரம் அளவில் சம்பளம் கிடைத்தது. ஒரே ஊரில், ஒரே தகைமையோடு, ஒரே பாட்டைப் படிப்பிக்கும் இரண்டு பெண்களுக்கு இந்த வித்தியாசம். போனவர்களைத் துரோகி என்றும், போகாதவர்களைப் பிழைக்கத் தெரியாதவர்கள் என்றும் ஊர் பேசியது. இரண்டு பேச்சும் பிழை. கணவன் இல்லாத வீட்டில் மூன்று பிள்ளைகளை வைத்திருக்கும் பெண் சம்பளம் வரும் இடத்துக்குப் போவார். எங்களுடைய கேள்வி அந்தப் பெண்ணிடம் அல்ல. மூன்று வயதுப் பிள்ளையின் ரீச்சருக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று அரசாங்கத்துக்குத் தோன்றியபோது, அது ஏன் பாதுகாப்பு அமைச்சின் பட்டியலில் மட்டும் தோன்றியது? கல்வியின் பட்டியலில் அந்தக் காசை எழுத ஏன் கை வரவில்லை?

இதை யாரிடம் கேட்பது என்பது அடுத்த சிக்கல். 2013இல் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் நடக்கவில்லை. முன்பள்ளி மாகாணத்தின் பொறுப்பு, மாகாணத்தில் மக்கள் தெரிந்த ஆள் இல்லை. ஆளுநருக்கு மனுக் கொடுக்கலாம். கொடுத்தும் இருக்கிறோம்.

பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கமும் இது முழுக்கத் தீர்ந்துவிடவில்லை. ஆனால் பார்த்துக் கற்க ஏதோ இருக்கிறது. இந்தியாவில் 1975 ஒக்டோபர் 2ஆம் திகதி தொடங்கிய திட்டத்தின் கீழ் வந்தவை அங்கன்வாடிகள். தமிழ்நாட்டில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேல். உணவு, ஊசி, நிறை, முன்பள்ளி எல்லாம் ஒரே கூரையின் கீழ். நாங்கள் வேலியால் பிரித்து வைத்திருப்பதை அவர்கள் ஒன்றாக வைத்தார்கள். அங்கேயும் பணியாளருக்குக் கொடுப்பது சம்பளம் அல்ல, மதிப்பூதியம் என்றுதான் நெடுங்காலம் சொன்னார்கள். 2022 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளர்களும் உதவியாளர்களும் பணிக்கொடைச் சட்டத்தின் கீழ் பணிக்கொடை பெற உரித்துடையவர்கள் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த இடத்துக்குக் கொண்டுவந்தது அந்தப் பெண்களின் சங்கங்கள் வீதியில் இருந்த இருப்பு. இன்னொன்றையும் கவனியுங்கள்: அங்கே பணியாளர் ஒருவர், உதவியாளர் ஒருவர். எங்கள் அம்மம்மா செய்த வேலைக்கு அங்கே ஒரு பதவி இருக்கிறது.

இப்போது ஊஞ்சல். செயலாளர் அக்கா கடிகாரத்தைப் பார்க்கிறார்.

ஊஞ்சல் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு ஊஞ்சல் பிடிக்கும். ஆனால் பளைப் பக்கத்தில், ஏற்கெனவே யாரோ கொடுத்த சறுக்குகள் வெயிலில் வெடித்துக் கிடக்கும் முன்பள்ளிகளை நாங்கள் காட்டலாம். கல்வெட்டு மட்டும் பழுதாகவில்லை. அந்தக் காசில் ஒரு பகுதியை ஆட்களுக்குச் செலவழிக்க முடியுமா என்று கேட்கிறோம். விசேட தேவையுடைய ஒரு பிள்ளையை ஏற்றுக்கொள்ளும் முன்பள்ளிக்கு இரண்டாவது ஆள் ஒருவர், ஊரிலேயே ஒரு தாயோ அம்மம்மாவோ, அவருக்கு மாதச் சம்பளம். சம்பளம் என்றே எழுதவேண்டும், அன்பளிப்பு என்று எழுதக்கூடாது. திறந்த பல்கலைக்கழகத்தின் முன்பள்ளிச் சான்றிதழ் படிக்க விரும்பும் ரீச்சர்மாருக்குக் கட்டணமும் பஸ் காசும். பதினொன்றரைக்குப் பிறகும் பிள்ளையை வைத்திருக்க ஒரு இடம், முதலில் ஒரே ஒரு ஊரில், சோறும் பாயும் உள்ள இடம்.

இதைச் சொன்னபோது எங்கள் வகுப்புத் தோழி ஒருவர், வெளிநாட்டில் கணக்காளர், கேட்டார்: "நாங்கள் குடுத்தால் அரசாங்கம் பிறகு ஏன் குடுக்கும்?" சரியான கேள்வி, இதைப்பற்றி எங்களுக்குள் சண்டையே வந்தது. எங்களில் சிலர் ஒரு சதமும் கொடுக்கக்கூடாது, மனு மட்டும் எழுதவேண்டும் என்கிறார்கள். ஆனால் நான்கு வயது ஒரு வருடம்தான் இருக்கும். சபை வந்து, ஆளணி அனுமதி வந்து, சுற்றறிக்கை வரும்வரை அந்தப் பிள்ளை காத்திருக்காது. கொடுப்போம், கொடுத்த ஒவ்வொரு ரூபாயையும் அரசு தரவேண்டிய கடன் என்று கொப்பியில் எழுதி, வருடம் முடிய அந்தக் கொப்பியின் பிரதியை அமைச்சுக்கும் ஆளுநருக்கும் அனுப்புவோம் என்று ஒரு முடிவுக்கு வந்தோம். நூறு வருடப் பாடசாலையின் கடிதத் தலைப்பில் போனால் யாராவது வாசிப்பார்கள். இந்த மண்டபத்தில் அதிபர்கள் இருக்கிறீர்கள், சட்டத்தரணிகள் இருக்கிறீர்கள், பிரதேச செயலகத்தில் கையெழுத்து வைக்கிறவர்களும் இருக்கிறீர்கள். அந்தக் கேள்வியை எங்கே, எந்த மொழியில் கேட்கவேண்டும் என்று எங்களைவிட உங்களுக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். ஒரு பக்கத் தாள். பிள்ளையின் பெயர், வயது, ரீச்சர் கண்டது என்ன, எத்தனை நாளாக. மருத்துவச் சொல் ஒன்றும் இல்லை. கீழே ரீச்சரின் கையெழுத்து, அதற்குக் கீழே எங்கள் பதிலுக்கு ஒரு பெட்டி. பதில் எழுதாமல் தாளைக் கோப்பில் போடக்கூடாது என்பது எங்கள் தாதியரின் சட்டம். தாளை ரீச்சர் தாயிடம் கொடுப்பதில்லை, குடும்பநல உத்தியோகத்தர் முன்பள்ளிக்குப் போகும்போது வாங்கிவருவார். தாயிடம் சொல்வது எங்கள் பொறுப்பு, கோபம் எங்களோடு போகட்டும்.

அந்தப் பையன் இப்போது மூன்றாம் தரம். காதில் கருவி இருக்கிறது, பற்றரி முடிந்தால் தாய் வாங்கும்வரை ஒன்றிரண்டு நாள் இல்லாமலும் இருக்கும். வாசிப்பில் பின்னுக்கு, கணக்கில் முன்னுக்கு. அவனுடைய முன்பள்ளி ரீச்சர் இன்னும் அதே கொட்டிலில்தான் இருக்கிறார். முதலில் தாளை வாங்கத் தயங்கினார், இதுவரை ஏழு தாள் அனுப்பிவிட்டார். போன மாதம் வந்த தாளில் இப்படி எழுதியிருந்தார்: "கூப்பிட்டால் திரும்புவாள். பாட்டு எல்லாம் பாடுவாள். படம் பார்க்க மட்டும் புத்தகத்தை மூக்கோடு வைப்பாள். இரண்டு மாதமாக. கண்ணைப் பார்க்கவும்." பெட்டியில் நாங்கள் எழுதிய பதில்: "பார்த்தோம். நீங்கள் சொன்னது சரி. கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்."